குட்டி எலிக்குக் கொடுத்த ரிஸ்பெரிடோன்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியில் மருந்தியல் பாடம் எடுக்கிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் கூடும் இடங்களுக்கு அவ்வப்போது பேசப் போவதுண்டு. எந்தத் தலைப்பில் பேசினாலும் கடைசியில் ரிஸ்பெரிடோன் என்ற ஆன்டிசைக்காட்டிக் மருந்தில்தான் வந்து நிற்கும். “சின்ன வயசுல இந்த மருந்து கொடுத்த எலிங்க வளர்ந்தப்புறமும் மாறிப்போச்சாமே” என்று யாராவது ஒருவர் கைபேசியை நீட்டுவார். அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கும். மீதிப் பாதி விட்டுப்போயிருக்கும். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆன்டிசைக்காட்டிக்னா என்ன சார்? தூக்க மாத்திரையா?

இல்லை. சிலருக்குத் தூக்கம் வரும், ஆனால் அது பக்கவிளைவு. மனச்சிதைவு போன்ற நோய்களில் காதில் குரல் கேட்பது, இல்லாததை இருப்பதாக நம்புவது போன்றவற்றைக் குறைக்கும் மருந்துகள் இவை. முதலாவது குளோர்புரோமசின். அது 1952-இல் பாரிஸில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1958-இல் பெல்ஜியத்தில் ஹாலோபெரிடால் வந்தது. ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், கியூட்டியாபின், அரிப்பிப்ரசோல் எல்லாம் அதற்குப் பிந்திய தலைமுறை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வேலை உண்டு. மூளையில் டோபமின் என்ற ரசாயனம் போய் உட்காரும் இடங்களை, குறிப்பாக டி2 என்ற ஏற்பியை, இவை பிடித்துக்கொள்ளும். ஏற்பி என்பது நரம்புச் செல்லின் மேல் இருக்கும் பூட்டு, டோபமின் அதன் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அந்தச் சாவித் துவாரத்தை அடைத்துவிடுகிறது. புதிய தலைமுறை மருந்துகள் செரட்டோனின் ஏற்பிகளையும் பிடிக்கும். அரிப்பிப்ரசோல் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி; முழுதாக அடைக்காமல் அரைகுறையாகத் திறந்துவைக்கும்.

பெரியவங்க மனநோய்க்கான மருந்த ஏன் அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எழுதறாங்க?

ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதற்காக எழுதுவதில்லை. தலையைச் சுவரில் முட்டுவது, தன்னையே கடித்துக்கொள்வது, அடக்க முடியாத கோபம் ஆகியவை குழந்தையையும் வீட்டையும் உலுக்கும்போதுதான் எழுதுகிறார்கள். 2002-இல் அமெரிக்காவில் 5 முதல் 17 வயது வரையுள்ள 101 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்த சோதனையில், ரிஸ்பெரிடோன் பெற்றவர்களில் 69 சதவீதம் பேருக்குத் தெளிவான முன்னேற்றம் இருந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் அது 12 சதவீதம்தான். 2006-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஆட்டிசக் குழந்தைகளின் எரிச்சலுக்கு, 5 முதல் 16 வயது வரை, இந்த மருந்தை அனுமதித்தது.

இந்த எண்களை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கீழே வரும் எலிக் கதைகளை மட்டும் படித்துவிட்டு, இந்த மருந்தை யாரோ காரணமில்லாமல் பிள்ளைகளுக்குத் திணிக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அது உதவுகிறது. ஆனால் அந்தச் சோதனை நடந்தது எட்டு வாரம். என் எதிரே உட்கார்ந்திருக்கும் பெற்றோரில் பலர் வருடக் கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள்.

எலிய வச்சு எதுக்குப் பாக்கணும்? பிள்ளைங்களையே பாத்தா ஆகாதா?

பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஐந்து வயதில் மருந்து எடுத்த குழந்தை முப்பது வயதில் எப்படி இருக்கிறது என்று பார்க்க இருபத்தைந்து வருடம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும், அப்போது தெரியும் வித்தியாசம் மருந்தால் வந்ததா, எந்தப் பிரச்சினைக்காக மருந்து கொடுத்தார்களோ அதனால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். மருந்து தேவைப்பட்ட குழந்தைக்கும் தேவைப்படாத குழந்தைக்கும் தொடக்கத்திலேயே வித்தியாசம் உண்டே.

எலியில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே தாயின் குட்டிகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் திரவமும் ஊசியில் போடலாம். சில மாதங்களில் அவை நடுவயதை எட்டிவிடும்.

எலிக்கெல்லாம் குழந்தைப் பருவம்னு ஒண்ணு இருக்கா?

இருக்கிறது, நாள் கணக்கில். சுமார் 21-ஆம் நாள் தாய்ப்பால் மறக்கும். ஐந்தாறு வாரத்தில் பருவமடையத் தொடங்கும். 60 நாளில் வளர்ந்த எலி. ஆயுள் இரண்டு, மூன்று வருடம். பிறந்தபோது எலியின் மூளை நம் குழந்தையின் மூளையை விடவும் பச்சையாக இருக்கும். நம் பிள்ளைக்குக் கருப்பையில் நடப்பதில் ஒரு பகுதி எலிக்குப் பிறந்த பிறகுதான் நடக்கிறது. ஆகவே ‘எலியின் 14-ஆம் நாள் என்றால் மனிதனின் இத்தனையாவது மாதம்’ என்று அட்டவணை போட்டுத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் 14-ஆம் நாளிலிருந்து 42-ஆம் நாள் வரை மருந்து கொடுத்தால், பால்குடியிலிருந்து பருவ வயது வரை கொடுத்ததாகப் புரிந்துகொள்ளலாம்.

அப்படி என்னதான் செஞ்சாங்க? வாட்ஸ்அப்ல வர்ற அந்த ஆராய்ச்சி எது?

பெரும்பாலும் அது அமெரிக்காவின் வடக்கு கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மார்க் பார்ட்ஜெட் குழுவினர் செய்து 2013-இல் வெளியிட்ட வேலையாக இருக்கும். தலை கறுப்பாகவும் உடம்பு வெள்ளையாகவும் இருக்கும் லாங்-எவன்ஸ் இன எலிகளுக்கு, நான் இப்போது சொன்ன அதே 14 முதல் 42 நாள் வரை, தினமும் தோலடியில் ரிஸ்பெரிடோன் ஊசி போட்டார்கள். எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஒரு குழுவுக்கு, 3 மில்லிகிராம் இன்னொரு குழுவுக்கு, மூன்றாவது குழுவுக்கு வெறும் திரவம். 42-ஆம் நாளோடு ஊசி நின்றது. அதன் பிறகு ஒரு சொட்டு மருந்துகூட இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஒரு கூண்டில் விட்டு எவ்வளவு நடமாடுகிறது என்று அளந்தார்கள். மருந்து நின்று ஒரு வாரத்திலேயே ரிஸ்பெரிடோன் எலிகள் மற்றவற்றைவிட அதிகம் ஓடின. அதில் வியப்பு ஒன்றும் இல்லை, ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன். வியப்பு, அந்தத் துறுதுறுப்பு அடங்காமல் போனதில்தான். சுமார் ஒன்பது மாத வயது வரை பார்த்தார்கள்; அப்போதும் அதிகமாகவே ஓடின. ஒன்பது மாதம் என்பது எலிக்கு நல்ல நடுவயது. நாலு வாரம் கொடுத்த மருந்தின் தடம் அதுவரை வந்திருக்கிறது. ஆண், பெண் இரண்டிலும் இது தெரிந்தது.

வாட்ஸ்அப் செய்தியில் விட்டுப்போகும் ஒரு விஷயம்: இதே ஆய்வில் இன்னொரு சோதனையும் வைத்தார்கள். உணவு இருக்கும் பக்கத்தைக் கற்றுக்கொண்ட பின் அந்தப் பக்கத்தை மாற்றிவிடுவது. பழையதை விட்டுப் புதியதைக் கற்க வேண்டும். அதில் மருந்து எலிகளுக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசம் இல்லை. எல்லாமே கெட்டுப்போகவில்லை, குறிப்பிட்ட ஒரு நடத்தை நகர்ந்து நின்றது.

மருந்த நிறுத்தினா எதிர்வினையா துள்றது சகஜம்தானே? இதுல என்ன புதுசு?

நல்ல கேள்வி. டோபமின் வாங்கும் இடத்தை அடைத்துவைத்தால் செல் சும்மா இருக்காது, ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். தெருக்குழாயில் தண்ணீர் குறைவாக வரும்போது வீட்டுக்கு இரண்டு குடம் கூடுதலாக வைப்பதுபோல. மருந்தை நிறுத்தியதும் டோபமின் பழையபடி வரும், கூடுதல் குடம் எல்லாம் நிறையும், எலி துள்ளும். வளர்ந்த எலியில் சில வாரங்களில் கூடுதல் குடங்கள் எடுக்கப்பட்டு நிலைமை பழையபடி ஆகிவிடும். இதைத்தான் எதிர்வினை என்கிறோம்.

எதிர்வினை என்றால் அது தணிய வேண்டும். இங்கே மாதக் கணக்கில் தணியவில்லை. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள், மூளை தனக்கென்று வைத்திருக்கும் ‘இயல்பு நிலை’ அளவே வேறு இடத்தில் பதிந்துவிட்டதோ என்று கேட்கிறார்கள். வளரும் பருவத்தில் டோபமின் ஏற்பிகள் முதலில் தேவைக்கு மேல் முளைத்து, பருவ வயதை ஒட்டி வெட்டிக் குறைக்கப்படுகின்றன. எத்தனை வைத்துக்கொள்வது, எத்தனையைக் கழிப்பது என்று மூளை கணக்குப் போடும் நேரம் அது. அந்த நேரத்தில் மருந்து உள்ளே இருந்தால் கணக்கு வேறாக வரலாம். எனக்கு இந்த விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இது கருதுகோள்தான்.

வளர்ந்த எலிக்கு அதே மருந்த கொடுத்தா இப்படி ஆகாதா?

மூளையின் அளவில் சின்ன எலிக்கும் பெரிய எலிக்கும் வித்தியாசம் உண்டு என்பதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் ஃபிராங்க் தராஸி குழு, இளம் எலிக்கும் வளர்ந்த எலிக்கும் ஒரே மாதிரி ரிஸ்பெரிடோன் கொடுத்து ஏற்பிகளை எண்ணியது. 2007-இல் வெளியான முடிவு: டோபமின் ஏற்பியின் வகைகளில் டி2, டி4 இரண்டும் சில பகுதிகளில் இரு வயதிலும் கூடின. ஆனால் டி1 என்ற இன்னொரு வகை, நடமாட்டத்தோடும் ஆசையோடும் தொடர்புள்ள மூளையின் ஆழப்பகுதிகளில், இளம் எலிகளில் மட்டும் கூடியது. பெரியவற்றில் கூடவில்லை.

பெரியவர்களில் பார்த்ததை வைத்துச் சிறுவர்களுக்கு அப்படியே கணக்குப் போட முடியாது என்பதற்கு இந்த ஒரு ஆய்வே போதும் என்பேன்.

எல்லா மருந்தும் இப்படித்தானா? எங்களுக்கு வேற மாத்திரை எழுதியிருக்காங்க.

இல்லை. மருந்துக்கு மருந்து மாறுகிறது, சில சமயம் நேர் எதிராக. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மிங் லீ குழு, பருவ வயது எலிகளுக்கு ஓலான்சபினோ குளோசபினோ கொடுத்து, நிறுத்தி, அவை வளர்ந்த பின் அதே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்த்தது. எலி ஓர் ஒலியைக் கேட்டதும், காலில் லேசான மின்னதிர்ச்சி வருவதற்குள், பெட்டியின் மறுபக்கம் ஓடக் கற்றிருக்கும். ஆன்டிசைக்காட்டிக் மருந்து இந்த ஓட்டத்தைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கிறது என்பதே மருந்தின் வீரியத்துக்கு அளவுகோல்.

சின்ன வயதில் ஓலான்சபின் பார்த்த எலிக்கு, வளர்ந்த பின் அதே மருந்து இன்னும் பலமாக வேலை செய்தது. சின்ன வயதில் குளோசபின் பார்த்த எலிக்கு, வளர்ந்த பின் குளோசபின் பலவீனமாகத்தான் வேலை செய்தது. இரண்டும் ஒரே வகை மருந்து என்று கடையில் ஒரே தட்டில் இருப்பவை. மூளையோ இரண்டையும் இரண்டு விதமாக நினைவு வைத்திருக்கிறது.

படிப்பு, ஞாபகம் போயிடுமா? இதச் சொல்லுங்க முதல்ல.

பக்கத்தை மாற்றிக் கற்கும் சோதனையில் ரிஸ்பெரிடோன் எலிகள் தேறின என்று மேலே சொன்னேன். ஓலான்சபினில் படம் வேறு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஃபிராஸ்ட் குழு, 28 முதல் 49-ஆம் நாள் வரை ஓலான்சபின் பெற்ற எலிகளை வளர்ந்த பின் சோதித்தது. சில வகை ஞாபகங்களில் மட்டும் குறை தெரிந்தது, மற்றவை நன்றாக இருந்தன. மூளையின் முன்புறப் புறணியின் வளர்ச்சியிலும் மாற்றம் இருந்தது. இதுவும் 2013-இல் வந்ததுதான்.

இந்தக் கவலை ஒன்றும் புதிதில்லை. 1973-லேயே ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில், பால் கொடுக்கும் தாய் எலிகளுக்குப் பென்ஃப்ளூரிடால் என்ற, உடம்பில் நீண்ட நாள் தங்கும் மருந்தைக் கொடுத்தார்கள். குட்டிகளுக்கு நேரடியாக எதுவும் கொடுக்கவில்லை. நாலு வாரக் குட்டிகளைச் சோதித்தபோது கற்பதில் பின்தங்கியிருந்தன. ஐம்பது வருடத்துக்கு முன் எழுந்த கேள்வி இது. இத்தனை காலத்தில் பிள்ளைகளுக்கு எழுதப்படும் ஒவ்வொரு மருந்துக்கும் நமக்குத் தெளிவான பதில் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்பது என்னை உண்மையிலேயே வருத்தும் விஷயம்.

டோபமின்னாலே போதைனு சொல்றாங்களே. வளர்ந்தப்புறம் போதைப் பழக்கம் வருமா?

அந்தப் பயத்துக்கு நேரடிச் சான்று இல்லை, ஆனால் கேள்வி நியாயமானது. பார்ட்ஜெட் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் ரிஸ்பெரிடோன் பெற்ற எலிகளுக்கு, வளர்ந்த பின் ஆம்ஃபெடமின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தபோது அவை மற்றவற்றைவிட அதிகமாக ஓடின. ஆம்ஃபெடமின் டோபமினைக் கொட்டச் செய்யும். அதாவது மேலே சொன்ன கூடுதல் குடங்கள் இன்னும் இருக்கின்றன என்று தோன்றுகிறது.

அதிகமாக ஓடுவதும் அதிகமாக ஆசைப்படுவதும் ஒன்றல்ல. ஃபிராஸ்ட் குழு ஓலான்சபின் எலிகளில், பரிசை நாடும் நடத்தையும் அதற்குப் பொறுப்பான மூளைப் பகுதியின் வேலையும் மாறியிருந்ததைக் கண்டது. மாற்றம் உண்டு. அதைப் ‘போதைக்கு அடிமையாவான்’ என்று மொழிபெயர்ப்பது தவறு.

நடைமுறையில் இதற்கு ஒரு பொருள் உண்டு. கவனக்குறைவுக்காகச் சில பிள்ளைகளுக்கு மீதைல்ஃபெனிடேட் போன்ற ஊக்க மருந்தும் எழுதப்படும். முன்பு ரிஸ்பெரிடோன் எடுத்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து குடிச்சா மந்தமாயிட்டு யார்கூடயும் சேர மாட்டேங்கறான். எலிலயும் இதப் பாத்தாங்களா?

பார்த்தார்கள். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த ஆய்வுதான். இதைப் பற்றி யாரும் செய்தி அனுப்புவதில்லை.

எலிக்குட்டிகள் கட்டிப் புரண்டு சண்டை விளையாட்டு விளையாடும். ஒன்று இன்னொன்றின் பிடரியில் மூக்கை வைக்கும், அது மல்லாந்து படுக்கும், பிறகு முறை மாறும். இந்த விளையாட்டு இல்லாமல் வளர்ந்த எலிக்குப் பிற்பாடு மற்ற எலிகளோடு பழகத் தெரியாது. பார்ட்ஜெட்டின் ஆய்வகத்திலிருந்து 2015-இல் வந்த ஆய்வு, ரிஸ்பெரிடோன் ஊசி போட்ட நாட்களில் குட்டிகள் தாயோடும் கூண்டுத் தோழர்களோடும் எப்படி இருந்தன என்று உட்கார்ந்து கவனித்தது. ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் தாயோடு உள்ள உறவாடல் பல விதங்களில் குறைந்தது. சண்டை விளையாட்டு பெருமளவு நின்றுபோனது. 23 மணி நேரம் கழித்து, அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் பார்த்தபோதும் முழுதாகச் சரியாகவில்லை. குட்டிகள் தாயைப் பால் குடிக்க அல்லாமல் சும்மா தொட்டு உரசுவது குறைந்திருந்தது. தோழர்களை நக்கிச் சீர்செய்வதும் குறைந்திருந்தது.

ஆகவே நீடித்த மாற்றத்துக்கு இரண்டு வழிகள் இருக்கலாம். மருந்து நேராக மூளையை மாற்றுவது ஒன்று. மருந்தால் விளையாட்டும் தொடுகையும் இழந்து, அந்த இழப்பு மூளையை மாற்றுவது இன்னொன்று. இரண்டாவது உண்மையென்றால் நம் கையில் ஏதோ இருக்கிறது. பிள்ளை எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறான் என்று பார்த்து, விளையாட்டையும் பயிற்சியையும் அந்த நேரத்துக்கு வைக்கலாம். மருந்து நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

என் தங்கச்சி மாத்திரை எடுக்கறா, இப்ப முழுகாம இருக்கா. வயித்துப் பிள்ளைக்கு என்ன ஆகும்?

முதலில்: தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். கர்ப்பத்தில் நோய் திரும்புவது தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய ஆபத்து. மனநல மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் இப்போதே ஒருவருக்கொருவர் பேச வையுங்கள். கடைசி மூன்று மாதங்களில் இந்த மருந்துகளை எடுத்த தாய்மாரின் பச்சிளங்குழந்தைகளுக்கு, பிறந்தவுடன் அசைவுக் கோளாறும் மருந்து விலகல் அறிகுறிகளும் வரலாம் என்று எஃப்டிஏ 2011-இல் எச்சரித்தது. பிரசவம் பார்ப்பவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எலியில் ஓர் ஆச்சரியமான பழைய முடிவு உண்டு. 1979-இல் நியூயார்க்கில் ரோசன்கார்ட்டன், ஃபிரைட்ஹாஃப் இருவரும் ஹாலோபெரிடாலைக் கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுத்தபோது, பிறந்த குட்டிகளின் மூளையில் டோபமின் ஏற்பிகள் குறைந்திருந்தன. அதே மருந்தைப் பிரசவத்துக்குப் பின் பாலூட்டும் தாய்களுக்குக் கொடுத்தபோது குட்டிகளில் ஏற்பிகள் கூடியிருந்தன. ஒரே மருந்து, ஒரே மூளைப் பகுதி, சில நாள் வித்தியாசம், நேர் எதிர் விளைவு. ‘எப்போது’ என்பது ‘எவ்வளவு’ என்பதைப் போலவே முக்கியம் என்று வகுப்பில் இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

பையனுக்கும் பொண்ணுக்கும் வித்தியாசம் இருக்கா?

துறுதுறுப்பு இரு பாலிலும் வந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவின் வொலங்காங் பல்கலைக்கழகத்தில் அரிப்பிப்ரசோல், ஓலான்சபின், ரிஸ்பெரிடோன் மூன்றையும் இளம் எலிகளுக்குக் கொடுத்து, வளர்ந்த பின் நடமாட்டம், பதற்றம், மனச்சோர்வு போன்ற நடத்தைகளைப் பார்த்தபோது, ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி மாறவில்லை. ஆண் எலிகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வைப் பெண் பிள்ளைகளுக்குப் பொருத்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என் பையனுக்கு அரை மில்லிகிராம்தான். எலிக்குக் கிலோவுக்கு மூணு மில்லிகிராம்! இது நியாயமான ஒப்பீடா?

எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் நியாயமே இல்லை. 20 கிலோ பிள்ளைக்கு அரை மில்லிகிராம் என்பது கிலோவுக்கு 0.025 மில்லிகிராம். ஆனால் எலியின் உடம்பு இந்த மருந்துகளை நம்மைவிடப் பல மடங்கு வேகமாகக் கழித்துவிடும். சின்ன உடம்புக்கு வளர்சிதை மாற்ற வேகம் அதிகம். அதனால் மருந்தியலில் ஒப்பிடுவது மில்லிகிராமை அல்ல. மூளையில் டி2 ஏற்பிகளில் எத்தனை சதவீதம் மருந்தால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை. வளர்ந்த நோயாளிகளில் இது சுமார் 65 முதல் 80 சதவீதம் இருக்கும்போது மருந்து நன்றாக வேலை செய்கிறது. எலியில் அந்த அளவை எட்ட ஒரு வேளை ரிஸ்பெரிடோன் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் வேண்டியிருக்கிறது. ஆகவே பார்ட்ஜெட்டின் 1 மில்லிகிராம் வானத்திலிருந்து பறித்த எண் அல்ல. 3 மில்லிகிராம் அதிகம்தான்.

இன்னொரு சிக்கலை ஷிதிஜ் கபூர் குழு 2003-இல் சுட்டிக்காட்டியது. எலிக்குத் தினம் ஒரு ஊசி என்றால் சில மணி நேரம் மருந்து உச்சத்தில் இருந்து, மீதி நாள் ஏறக்குறையக் காலியாகிவிடும். தினமும் அடைப்பு, தினமும் விலகல். மாத்திரை சாப்பிடும் மனிதரில் இந்த ஏற்ற இறக்கம் அவ்வளவு இல்லை. எலியில் நாம் பார்க்கும் மாற்றத்தில் ஒரு பங்கு இந்த ஏற்ற இறக்கத்தால் வந்திருக்கலாம். தோலடியில் சிறு பம்ப்பு வைத்துச் சீராக மருந்து செலுத்தும் ஆய்வுகள் அதனால்தான் தேவை.

நல்லா இருக்கற எலிக்குத்தானே கொடுத்தாங்க? நோய் இருக்கற எலிக்குக் கொடுத்தா நல்லதுதானே நடக்கும்?

இந்தத் தொகுப்பிலேயே கூர்மையான கேள்வி இது. கேட்டவர் ஒரு தந்தை, தச்சு வேலை செய்பவர்.

டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் இனா வைனர் குழு, கர்ப்பிணி எலிகளின் உடம்பில், வைரஸ் தொற்று வந்தால் எழுவது போன்ற நோய் எதிர்ப்பு எதிர்வினையை உண்டாக்கியது. இப்படிப் பிறக்கும் குட்டிகள் சின்னதில் சாதாரணமாக இருந்து, வளர்ந்த பின் மனச்சிதைவை ஒத்த குறைகளைக் காட்டும். பருவ வயதில் இவற்றுக்கு ரிஸ்பெரிடோனோ குளோசபினோ கொடுத்தபோது, அந்தக் குறைகளில் பல வராமலே தடுக்கப்பட்டன. மூளையின் கட்டமைப்பில் வரும் மாற்றமும்கூட. அதாவது, சிறுவயதில் கொடுத்த மருந்தின் நீடித்த விளைவு இங்கே நன்மை.

சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் ஊர்ஸ் மேயர், யோராம் ஃபெல்டன் குழு சுண்டெலிகளில் இதே போலச் செய்தது. ஆபத்தில் இருந்த குட்டிகளில் சில குறைகள் குறைந்தன. ஆனால் எந்தப் பிரச்சினையும் இல்லாத ஒப்பீட்டுக் குட்டிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது, வளர்ந்த பின் அவற்றின் நடத்தை பாதிக்கப்பட்டது. தச்சர் கேட்டது சரிதான்: யாருக்குக் கொடுக்கிறோம் என்பது முடிவையே மாற்றுகிறது. இதன் மறுபக்கத்தையும் அவரிடம் சொன்னேன். உண்மையில் தேவைப்படாத பிள்ளைக்கு, வகுப்பில் சும்மா உட்கார வைப்பதற்காக மட்டும் எழுதினால், நன்மை இல்லாமல் விலையை மட்டும் கொடுக்கிறோம்.

அப்ப எலிக்கு வந்தது என் பிள்ளைக்கும் வரும்ங்கறீங்களா?

சொல்லவில்லை. ஓர் எளிய எச்சரிக்கை: ரிஸ்பெரிடோன் பிள்ளைகளுக்கு எடையைக் கூட்டும். மேலே சொன்ன 101 பேர் சோதனையில் மருந்து பெற்றவர்கள் எட்டு வாரத்தில் சராசரியாக 2.7 கிலோ ஏறினார்கள், மற்றவர்கள் 0.8 கிலோ. பார்ட்ஜெட்டின் எலிக்குட்டிகளோ வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் எடை ஏறின. கண்ணுக்குத் தெரியும் எடையிலேயே எலியும் பிள்ளையும் எதிர்த் திசையில் போகும்போது, நடத்தையை அப்படியே நகலெடுக்க முடியாது.

எலி ஆய்வு நமக்குச் சொல்வது எங்கே பார்க்க வேண்டும் என்பதை: நடமாட்டம், விளையாட்டு, ஊக்க மருந்துக்கு வரும் எதிர்வினை, நிறுத்திய பிறகான மாதங்கள். குழந்தைகளில் இவற்றை வருடக் கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள் நம் நாட்டிலும் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அப்போ நாளைக்கே நிறுத்திடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 2005-இல், அந்த 101 பேர் சோதனையை நடத்திய அதே அமெரிக்கக் குழு, ரிஸ்பெரிடோனால் நன்றாக இருந்த ஆட்டிசக் குழந்தைகளில் சிலருக்கு மருந்தைப் படிப்படியாக வெற்று மாத்திரையாக மாற்றிப் பார்த்தது. மாற்றப்பட்டவர்களில் 62.5 சதவீதம் பேருக்குப் பழைய பிரச்சினைகள் திரும்பின. தொடர்ந்தவர்களில் 12.5 சதவீதம். படிப்படியாகக் குறைத்தே இவ்வளவு. திடீர் நிறுத்தம் இன்னும் மோசம். மேலே சொன்ன குடம் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணையே திருப்பியும் படியுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவர்களுக்குப் பிரச்சினை திரும்பவில்லை. ஆகவே ‘இன்னும் தேவையா, குறைத்துப் பார்க்கலாமா’ என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. எடை, சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் புரோலாக்டின் ஹார்மோன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நடத்தைக்காகத் தொடங்கினோம், அது வாரத்தில் எத்தனை முறை வந்தது, இப்போது எத்தனை முறை என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். கேள்வி கேட்டால் கோபிப்பார்களோ என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். நோட்டோடு வரும் பெற்றோரை நல்ல மருத்துவர் விரும்புவார்.

ரெண்டு வருஷம் கொடுத்து, டாக்டர் சொல்லி மெதுவா நிறுத்தி, ஒரு வருஷம் ஆச்சு. இப்ப ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறான். மருந்தாலயா இது?

உங்கள் மகனைப் பொறுத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்துக்கு முன்பும் அவன் துறுதுறுப்பாக இருந்தானா? அப்படியென்றால் மருந்து மூடிவைத்திருந்தது வெளியே வந்திருக்கலாம். ஒரு வருடத்தில் அவன் வளர்ந்திருக்கிறான், வகுப்பு மாறியிருக்கலாம், தூக்கம் குறைந்திருக்கலாம். மருந்தின் தடமாகவும் இருக்கலாம். எலியில் அது சாத்தியம் என்று பார்த்துவிட்டோம்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. மருந்துக்கு முன் எடுத்த பழைய வீடியோக்கள், பிறந்தநாள், கல்யாண வீடு, எதுவானாலும் தேடி எடுங்கள். இப்போதும் அதே மாதிரிச் சூழலில் பத்து நிமிடம் எடுங்கள். இரண்டையும், மருந்து தொடங்கிய தேதி, அளவு, நிறுத்திய தேதியோடு மருத்துவரிடம் காட்டுங்கள். போன மாதம் ஒரு அம்மா அப்படி எடுத்துவந்தார். நான்கு வயதில் அவர் மகன் மண்டபத்தின் தூண்களைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான், இப்போது ஓடுவதைப் போலவே. அதைப் பார்த்த பிறகு அவர் என்னிடம் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்தில் நல்ல மைதானம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.